ஃபர்ஸ்ட் காப்பி

என் அப்பாவின் உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. ஃபர்ஸ்ட் காப்பி, மழைப் பிரிண்ட். தங்கை முதல் வகை. நான் இரண்டாவது.

சினிமாக் கொட்டகைப் பேச்சு இது. பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் ஒரு தியேட்டர் இருந்தது. அதில் அப்பா ஆபரேட்டர். படப்பெட்டி மெஜஸ்டிக்கில் ஓடி, சிவாஜி நகரில் ஓடி, அல்சூரில் ஓடி, ஊரே மென்று துப்பிய பிறகுதான் அவர் கைக்கு வரும். பிலிம் முழுக்கக் கீறல். கதாநாயகி பாலைவனத்தில் ஆடிக்கொண்டிருப்பாள், அவள்மேல் விடாமல் மழை பெய்யும். அது மழைப் பிரிண்ட். பிலிம் லேபில் கழுவிக் காயவைத்து, எந்த மெஷினின் பல்லும் படாமல் வருகிற முதல் பிரதிக்குப் பெயர் ஃபர்ஸ்ட் காப்பி. ஒரே ஒரு தடவை பெட்டி மாறி அப்படி ஒன்று அப்பாவிடம் வந்துவிட்டது. ஒரு மேட்னி ஓட்டினார். இடைவேளை முடிவதற்குள் விநியோகஸ்தர் ஆபீஸ் ஆள் ஆட்டோவில் வந்து வாசலில் நின்றான்.

"தண்ணி மாதிரிடா. அந்தப் பொம்பள மூக்குல இருக்கிற வேர்வ கூட ஒண்ணொண்ணா எண்ணலாம்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு அந்த முகத்தைக் காட்டியதில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளேயிருந்து குரல் வரும்: "மழைப் பிரிண்ட்டு வந்துடுச்சி, சோறு போடு." பரீட்சையில் தவறியபோது சொன்னார். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்து, தியேட்டரில் தமிழ்ப் படமே இல்லை என்றாகி, அவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாதங்களில் தினமும் சொன்னார். நான் கவிதை எழுதுகிறேன் என்று தெரிந்த அன்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒரு வார்த்தையை ஒருவன்மேல் இருபது வருஷம் ஓட்டினால் அவனுக்கும் கீறல் விழத்தானே செய்யும். விழுந்தது. நான் ஒரு வேலையில் நிலைக்கவில்லை. அச்சகம், கூரியர் கம்பெனி, ஒரு டுடோரியல், பிறகு பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனி. அங்கே அட்டைப்பெட்டிகளில் லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சரியில்லாததைத் தூக்கித் தனிக் கூடையில் போடுவேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். தங்கைக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே வெற்றிலையாக மடிந்து வரும். மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவர் எழுந்தால் தானும் எழுவார். அவ்வளவு மரியாதை.

"வரதட்சணை கிரதட்சணை எல்லாம் நமக்குப் பழக்கம் இல்ல சம்பந்தி" என்றார் அவர், எங்கள் வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து. "பொண்ணு லட்சணமா இருக்கா, படிச்சிருக்கா, சாக்கு, அதுவே போதும். பையனுக்கு மட்டும் சின்னதா ஒரு ஆசை. ஒரு வாட்ச். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுறது நம்ம வழக்கம்தானே?"

"அது நம்ம கடமையாச்சே" என்றார் அப்பா.

"நங்கூரம் போட்ட வாட்ச்சுன்னு ஒண்ணு இருக்காம். ஸ்விஸ். ஹௌதா, அப்படித்தானே?" என்று மகன் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை கூச்சமாகத் தலையாட்டினார். "பன்னெண்டுக்குக் கீழ குட்டியா ஒரு நங்கூரம் இருக்குமாம். முடிஞ்சா பாருங்க. இல்லன்னா பரவால்ல." அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தபடி.

நங்கூரம் போட்ட வாட்ச் எம்.ஜி. ரோட்டில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டையும் பக்கத்து இரண்டு வீட்டையும் சேர்த்து விற்றாலும் அதன் பட்டைகூட வராது. அப்பாவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "பெரிய கடையில அப்டித்தான் சொல்வான். மெஜஸ்டிக் அடித்தள மார்க்கெட்ல கப்பல் சரக்கு வரும். வரி கட்டாத மால். அதே சாமான், கால்வாசி வெல." அவர் காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. டேப் ரெக்கார்டர், சென்ட், கேமரா எல்லாம் அப்படித்தான் வந்தன. தங்கையின் கல்யாணம் அந்த வாட்ச்சை நம்பி நின்றது. அதைவிட, அந்த நாற்காலிக்காரர் முன்னால் அப்பா தலை நிமிர்ந்து நிற்பது அதில் நின்றது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு மெஜஸ்டிக் போனார்.

படியிறங்கினால் குழல் விளக்கும் அகர்பத்தி வாசனையுமாக வரிசையாகக் கடைகள். ஒரு பாய் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் உலகத்தின் பணக்காரக் கைகள் எல்லாம் மணிக்கட்டோடு வெட்டி அடுக்கப்பட்ட மாதிரி வாட்ச்சுகள். அப்பா நங்கூரம் கேட்டார். பாய் மேலே இருந்ததைத் தொடவில்லை. கீழே குனிந்து, பட்டுத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"மேல இருக்கறது சாதா டூப்ளிகேட் சார். அது வேணாம், ஷாதிக்கு, மாப்பிள்ளைக்குன்னு சொல்றீங்க. இது பாருங்க. ஃபர்ஸ்ட் காப்பி."

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கழுவிவிட்ட முகம். மேட்னி முகம்.

"இன்னா சொன்ன பாய்?"

"ஃபர்ஸ்ட் காப்பி சார். வெயிட்டு பாருங்க. நங்கூரம் பாருங்க. சூட்கேஸ்ல ஆள் கொண்டு வர்றது."

பாய் பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை அது. அசலைப் பார்த்துச் செய்த நகல்களில் முதல் தரமானது. நகலிலேயே நல்ல நகல். எனக்குத் தெரியும். பொம்மசந்திராவில் என் சூப்பர்வைசரின் ஷூவும் ஃபர்ஸ்ட் காப்பிதான். அப்பாவுக்குத் தெரிந்த ஃபர்ஸ்ட் காப்பி வேறு. தயாரிப்பாளர் கண் படுவதற்கு முன்பே கழுவி வந்தது, உலகத்தில் முதலாவது, கீறல் இல்லாதது. அவர் வாட்ச்சை இரண்டு கையாலும் வாங்கினார். பிலிம் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் மட்டும் விரல் வைத்துப் பிடித்தார்.

நான் வாயைத் திறந்தேன். நியாயமாகவே திறந்தேன். "அப்பா, காப்பின்னா..."

"நீ மூடு." என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாயைப் பார்த்துச் சிரித்தார். "இவன் மழைப் பிரிண்ட்டு பாய். காப்பியப் பத்தி எனக்குச் சொல்லித் தர வந்துட்டான்."

பாய்க்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார். நான் மூடினேன். மூடிய வாய்க்குள் என்னவோ இனித்தது. அந்த இனிப்பை இன்றும் நாக்கில் தேடிப் பார்க்க முடியும்.

வில்சன் கார்டனில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். முந்தின சாயந்திரம் ரிசப்ஷன். மேடையின் ஒரு பக்கம் ஆர்கெஸ்ட்ரா. மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் முதல் இரண்டு வரிசையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய தடம் இருந்தது. அப்பா வெள்ளை வேட்டியில் மேடையேறினார். மாப்பிள்ளையின் கோட்டு முனையை மெல்ல மேலே தள்ளி, வாட்ச்சைக் கட்டினார். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, முப்பது வருஷம் மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரலில் சொன்னார்:

"ஃபர்ஸ்ட் காப்பி மாப்ள!"

முதல் வரிசையில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். இன்னொருவன் ஏறி வந்து மாப்பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தான். அசலில் விநாடி முள் வழுக்கிக்கொண்டு போகுமாம். இதில் ஒவ்வொரு கோடாகத் தாவியது. "தாவுது மச்சா" என்றான் கீழே பார்த்து. முதல் வரிசை குனிந்து தோள் குலுங்கியது. மாப்பிள்ளை கையை உதறி கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார், அவ்வளவுதான்.

சம்பந்தி எழுந்தார். நிதானமாக வந்தார். கல்யாணம் இதோடு சரி என்று நினைத்தேன். அவர் அப்பாவின் தோளில் கை போட்டார்.

"என்ன சொன்னீங்க சம்பந்தி? சத்தத்துல சரியாக் கேக்கல."

"ஃபர்ஸ்ட் காப்பி சம்பந்தி. இதுக்கு மேல கெடையாது. நான் அதுலயே கெடந்தவன், எனக்குத் தெரியும்."

சம்பந்தி அவர் கண்களை உற்றுப் பார்த்தார். இந்த மனுஷன் ஏமாற்றவில்லை, இவனுக்கு உண்மையிலேயே தெரியாது என்று புரிந்துகொண்ட கணம் அது. கோபம் வர வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. விளையாட்டுச் சாமான் கிடைத்தவரின் வெளிச்சம். "அட, இத எல்லாரும் கேக்கணுமே" என்று ஆர்கெஸ்ட்ராக்காரனிடமிருந்து மைக்கை வாங்கி அப்பாவிடம் நீட்டினார். "சொல்லுங்க, சொல்லுங்க. வெக்கப்படாதீங்க."

அப்பா மைக்கில் சொன்னார். தன் மகளுக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஒரு ஆபரேட்டர் என்ன போடுகிறான் என்று உலகமே தெரிந்துகொள்ளட்டும் என்கிற குரலில் சொன்னார். சத்திரம் முழுக்கக் கை தட்டியது. முதல் வரிசை விசில் அடித்தது. அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தூணுக்குப் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நான் நின்றிருந்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டினேன்.

மேடையில் தங்கை தலை குனிந்திருந்தாள். வெட்கம் என்று போட்டோக்காரன் நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பாவுக்குக் கிடைத்த மரியாதை போல எந்தப் பெண்ணைப் பெற்றவருக்கும் கிடைத்திருக்காது. போகும்போதெல்லாம் சம்பந்தி வாசல்வரை வருவார். "ஏன்ரீ, சம்பந்திக்குக் காப்பி கொண்டா" என்று மனைவியைக் கூப்பிடுவார். "அவர் நமக்கு ஃபர்ஸ்ட் காப்பி கொடுத்திருக்காரு, நாம செகண்ட் காப்பியாவது கொடுக்க வேண்டாமா?" அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார். புதிதாக யாராவது விருந்தாளி வந்திருந்தால், "இவருக்கு அந்த வாட்ச் கதையச் சொல்லுங்களேன்" என்பார். அப்பா பாய் கடையிலிருந்து தொடங்குவார். விருந்தாளி சம்பந்தியின் முகத்தைப் பார்ப்பார், சம்பந்தி கண்ணைச் சிமிட்டுவார். நான் பல தடவை கூட இருந்திருக்கிறேன். முறுக்கு தின்றுகொண்டு இருந்திருக்கிறேன்.

குழந்தை பிறந்தது. கறுப்பு. அப்பாவின் அகலமான நெற்றி, அப்பாவின் தட்டை மூக்கு. ஆஸ்பத்திரியில் சம்பந்தி துணியை விலக்கிப் பார்த்தார். அவர் பக்கத்துச் சிவப்பும் கூர் மூக்கும் எங்கேயும் காணோம். பிறகு சிரித்தார். "அப்படியே நம்ம சம்பந்திதான். ஃபர்ஸ்ட் காப்பி!"

அப்பா அழுதுவிட்டார். சந்தோஷத்தில். அன்றிலிருந்து குழந்தையின் பெயர் அதுதான். அந்த வீட்டார் ஒரு அர்த்தத்தில் கூப்பிட்டார்கள், அப்பா இன்னொரு அர்த்தத்தில் கூப்பிட்டார். நீலசந்திராவுக்கு எடுத்து வந்தால் தோளில் உட்காரவைத்து, சந்து முழுக்க, "ஃபர்ஸ்ட் காப்பி வந்துடுச்சி, வழி விடு" என்று போவார். பேசக் கற்றதும் அவளுக்கு ஒரு விளையாட்டு. "நான் யாரு தாத்தா?" என்பாள். அவர் சொல்ல வேண்டும். சொன்னதும் கை தட்டுவாள்.

தங்கை ஒருநாள் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அண்ணா, கடைக்கு நீதான கூடப் போன? உனக்குத் தெரியும்தான?"

நான் குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடித்தேன்.

"கல்யாணமான மறுநாளே அவர் சொல்லிட்டாரு, உங்க அப்பா செம காமெடின்னு. தெனம் இந்த வீட்ல அத முழுங்கிட்டு இருக்கேன். எம் பொண்ணையும் இப்ப அதச் சொல்லியே கூப்புடறாங்க." அவள் அழவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "போனது போச்சு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவருக்குத் தெரியாத வரைக்கும் இது அவங்க அசிங்கம். தெரிஞ்சா அவரு அசிங்கம்."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன்.

மாப்பிள்ளை அமெரிக்கா போய் வந்தார். கையில் அசல் நங்கூரம். பழையதை அப்பாவிடம் கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா." அப்பா அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் பொன்முலாம் தேய்ந்து உள்ளேயிருந்து ஈயநிறம் எட்டிப் பார்த்தது. மணிக்கட்டைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். "என் வேர்வ ரொம்ப உப்பு" என்றார். கைக்குட்டையை மடித்து அடியில் கட்டிக்கொண்டார், வாட்ச் கெட்டுவிடக் கூடாதென்று.

அந்த வருஷம்தான் நான் பொம்மசந்திரா வேலையையும் விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா பல்பொடி போட்டு வாட்ச்சைத் துலக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், இனி போகப்போவதில்லை என்று. அவர் நிமிரவில்லை.

"சம்பந்தியும் ஒரு புள்ள பெத்தாரு. நானும் பெத்தேன். அது ஃபர்ஸ்ட் காப்பி, அமெரிக்கா வரைக்கும் ஓடுது. இது மழைப் பிரிண்ட்டு, எந்தக் கொட்டாயிலயும் ஓடல."

நான் அதுவரை சேர்த்து வைத்திருந்த இனிப்பு முழுவதும் கசப்பாகி மேலே வந்தது.

"அது டூப்ளிகேட் வாட்ச்சு" என்றேன்.

"எது?"

"உங்க கைல இருக்கறது. ஃபர்ஸ்ட் காப்பின்னா நகல். நல்லாச் செஞ்ச டூப்ளிகேட். பாய் அதத்தான் சொன்னாரு. சத்திரத்துல கை தட்டினவங்க எல்லாருக்கும் தெரியும். சம்பந்திக்குத் தெரியும். அங்க உங்களுக்கு அதான் பேரு. நீங்க உள்ள வந்தாலே சிரிக்கத்தான் காப்பி போடறாங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. எழுதுகிறவன் அல்லவா, எந்த வார்த்தை எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் பல்பொடிக் கையோடு அப்படியே இருந்தார். வாட்ச்சைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டார்.

"உனக்குக் கடையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"சத்திரத்துல நீயும் கை தட்டுன. பார்த்தேன். மொதமொதலா எம் புள்ள எனக்குக் கை தட்டுறான்னு நெனச்சேன்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். பாதி வழியில் நின்றார். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் முகம் குழந்தையின் முகம் மாதிரியே இருந்தது. அந்த அகலமான நெற்றி, அந்தத் தட்டை மூக்கு.

"அப்போ பாப்பாவ?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவரைக் குத்த ஓங்கிய கத்தி நேராகப் போய் எங்கே நிற்கும் என்று யோசித்திருக்கவில்லை.

"நானே தெருத்தெருவா அப்டிக் கூப்ட்டேனேடா" என்றார்.

அடுத்த மாதம் குழந்தையின் மூன்றாவது பிறந்தநாள். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் மாப்பிள்ளை வாங்கியிருந்த அபார்ட்மெண்ட். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அதே வாட்ச், அடியில் மடித்த கைக்குட்டை. ஓசூர் ரோடு முழுக்க பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார், வாட்ச் கட்டிய கையை மடியில் வைத்து. கழற்றிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சம்பந்தி வழக்கம்போல வாசல்வரை வந்தார். "வாங்க வாங்க. டைம் என்ன சம்பந்தி? உங்க வாட்ச்சுல பார்த்துச் சொல்லுங்க, அதான கரெக்டா இருக்கும்." அப்பா கையைத் தூக்கிப் பார்த்து நேரம் சொன்னார். மாப்பிள்ளையின் நண்பர்கள் சிலர் சோபாவில் இருந்தார்கள். சத்திரத்தின் முதல் வரிசை. தங்கை சமையலறை வாசலில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

கேக் வெட்டும் முன் குழந்தை ஓடி வந்தது. புது கவுன், தலையில் காகிதக் கிரீடம். அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"தாத்தா, நான் யாரு?"

அப்பா குனிந்து அவளைத் தூக்கினார்.

"நான் யாரு தாத்தா? சொல்லு."

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் சம்பந்தி, நண்பர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி. "கொழந்த கேக்குதில்ல? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

குழந்தை தட்டுவதற்குக் கைகளைத் தயாராகத் தூக்கி வைத்திருந்தது. அவர் சொன்னால்தான் தட்ட முடியும். அதன் கண்ணில் வேறெந்த அர்த்தமும் இல்லை. அப்பா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசும் அதே குரலில் சொன்னார்.

"ஃபர்ஸ்ட் காப்பி!"

குழந்தை தட்டியது. சம்பந்தி தட்டினார். சோபாவில் எல்லோரும் தட்டினார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அப்பா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.